மெல்போர்னுக்குப் போனவர்களும் மால்டாவுக்கு வந்தவர்களும்

மால்டாவில் ஒரு முதியோர் இல்லத்தில் கேரராக இருக்கிறேன். சொந்த ஊர் லால்குடி. எங்கள் வார்டில் எந்த நன்னாவிடம் பேச்சுக் கொடுத்தாலும் (பாட்டிமாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுகிறோம்) ஆஸ்திரேலியா வந்துவிடும். ஒருவருக்கு இரண்டு அண்ணன்மார் மெல்போர்னில், இன்னொருவருக்கு அக்கா சிட்னியில். கிறிஸ்துமஸ் அன்று வார்டு முழுக்க அங்கிருந்து வரும் வீடியோ கால்கள்தான்.

இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சில் நொறுங்கிய தீவு இது. பிரிட்டிஷ் கடற்படையின் கப்பல் பட்டறையை விட்டால் பெரிய பிழைப்பு கிடையாது. வீடு நிறையப் பிள்ளைகள். 1948இல் ஆஸ்திரேலியாவோடு ஒப்பந்தம் போட்டு, கப்பல் கட்டணத்துக்கு உதவி கொடுத்தே ஆட்களை அனுப்பினார்கள். 1954இல் மட்டும் 11,000 பேருக்கு மேல் நாட்டை விட்டுப் போனார்கள். அன்றைய மொத்த மக்கள்தொகையே மூன்று லட்சத்துச் சொச்சம்! முதலில் ஆண்கள் போவார்கள். கையில் காசு சேர்ந்ததும் மனைவி, பிள்ளைகள், தங்கைகள் என்று ஒவ்வொருவராக வரவழைத்துக்கொள்வார்கள்.

இன்று நிலைமை தலைகீழ். 2004இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு சுற்றுலா, கட்டுமானம், ஆன்லைன் சூதாட்ட நிறுவனங்கள் எல்லாம் வளர்ந்தன. உள்ளூரில் ஆள் போதவில்லை. 2011 கணக்கெடுப்பில் 4,17,432 பேர், 2021இல் 5,19,562. கூடிய ஒரு லட்சத்து இரண்டாயிரத்தில் 95,000 பேர் வெளிநாட்டவர். பத்து ஆண்டுகளில் மால்டா குடிமக்கள் கூடியது ஏறக்குறைய ஏழாயிரம்தான்.

காரணம், பிள்ளைப்பேறு குறைந்துவிட்டது. மக்கள்தொகை நிலையாக இருக்க ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தை வேண்டும். இங்கே 2022இல் 1.08, ஐரோப்பிய ஒன்றியத்திலேயே இதுதான் ஆகக் குறைவு. என்னோடு வேலை செய்யும் மால்டா நர்ஸுக்கு முப்பத்திரண்டு வயது. கல்யாணமாகியும் வீட்டுக் கடனுக்கு அஞ்சிப் பெற்றோரோடுதான் இருக்கிறார். குழந்தைப் பேச்சை எடுத்தால் வாடகைக் கணக்கைச் சொல்கிறார்.

நெரிசல் தாங்கவில்லை என்று உள்ளூர்க்காரர்கள் குறைபடுவதில் நியாயம் இருக்கிறது. 316 சதுர கிலோமீட்டர், அதாவது சென்னை மாநகராட்சியைவிடச் சின்ன இடம். மூன்று மாடி இருந்த இடத்தில் ஏழு மாடி எழும்புகிறது. ஆனால் அதைக் கட்டுகிறவர், பஸ் ஓட்டுகிறவர், இந்த நன்னாக்களைக் குளிப்பாட்டி உடை மாற்றுகிறவர்களில் பலர் இந்தியா, நேபாளம், பிலிப்பைன்ஸ்காரர்கள்.

எங்கள் வேலை அனுமதி ஒரு முதலாளியோடு கட்டப்பட்டது. வேலை போனால் அடுத்தது தேடக் கொஞ்ச நாள்தான் அவகாசம். குடும்பத்தை அழைத்துவர வேண்டுமானால் அரசு கேட்கும் அளவுக்கு வருமானம் காட்ட வேண்டும். கேரர் சம்பளம் அதை எட்டுவது கஷ்டம். அதனால் தனியாக வருகிறோம், அறையைப் பங்குபோடுகிறோம், பழகிய கையோடு ஜெர்மனிக்கோ இங்கிலாந்துக்கோ கிளம்பிவிடுகிறார்கள் பலர். பிறகு புது ஆளை எடுத்து மறுபடி பழக்க வேண்டும். குழந்தைகள் குறைந்துவரும் நாட்டில் குழந்தையோடு வரக்கூடிய இளம் குடும்பங்களைத் தடுப்பது எனக்குப் புரியவே இல்லை. ஆஸ்திரேலியா இந்த நன்னாக்களுடைய அண்ணன்மாரைக் குடும்பத்தோடு ஏற்றுக்கொண்டது, குடியுரிமையும் கொடுத்தது. எங்களுக்கும் அந்த வழியைத் திறந்துவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.