ஆட்டத்திற்கு நடுவே பேச்சு

ஆட்டம் என்று ஒன்று இருந்தால் அதனோடு பேச்சும் இருந்தே தீரும். ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் வெறும் கற்களே, புளியங்கொட்டைகளே. அவற்றிற்கு உயிர் தருவது ஆடுவோரின் வாய். "உன் புலி சிக்கிற்று" என்று ஒருவர் சீண்டுவார். "பொறு, இன்னும் ஒரு பாய்ச்சல் இருக்கிறது" என்று மற்றவர் மறுமொழி தருவார். சுற்றி நிற்போர் கேளாமலே யோசனை சொல்வர். வரம்பு மீறி ஒருவன் வசைபாடினால் அவனை அடக்கத் தனியே ஒரு சட்டம் வேண்டுவதில்லை. எதிரில் இருப்பவரின் முகம் வாடும். அது அவன் கண்ணில் படும். அருகில் நிற்கும் பெரியவர், "அடேய், வாயை அளந்து பேசு" என்பார். அதற்கும் அடங்காதவனோடு மறுநாள் ஆட ஒருவரும் வரமாட்டார்.

முகம், பெரியவர், மறுநாள் ஆகிய இம்மூன்றும் நம் ஆட்டங்களுக்கு ஊர் கட்டிக்கொடுத்த வேலிகள். இவை யாரும் திட்டமிட்டு அமைத்தவை அல்ல. சேர்ந்து வாழ்வதிலிருந்து தாமாகவே விளைந்தவை.

இன்று ஜவ்வாது மலையிலும் ஆட்டம் இடம் மாறிவிட்டது. கொரோனாக் காலத்தில், 2020ஆம் ஆண்டில், பள்ளிப் பாடத்திற்கென்று வீட்டிற்குள் வந்த கைப்பேசி பின்னர் வெளியேறவில்லை. சமவெளிக்கும் அண்டை மாநிலங்களுக்கும் வேலை தேடிச் சென்று திரும்பும் இளைஞர்கள் தம்மோடு கைப்பேசியையும் அதிலுள்ள விளையாட்டுகளையும் கொண்டு வருகின்றனர். சிக்னல் கிடைக்கும் மேட்டில், பாறையில், பேருந்து நிற்குமிடத்தில் நான்கு பேர் தலைகவிழ்ந்து அமர்ந்திருப்பதைக் காணாதார் இலர். அவர்கள் ஆடுவது அடுத்திருப்பவரோடு மட்டும் அன்று. ஊரும் பேரும் அறியாத பலரோடு. அவர்களோடு பேசவும் செய்கின்றனர். ஆயின் அங்கே எதிரில் முகம் இல்லை. அருகில் பெரியவர் இல்லை. ஆட்டம் முடிந்ததும் அனைவரும் கலைந்துவிடுவதால் மறுநாளும் இல்லை.

அவ்வாறாயின், அந்த மூன்று வேலிகளையும் அங்கே கட்ட வேண்டியவர் யார்? விளையாட்டை அமைக்கின்றவரே. எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், யார் யாரோடு பேசலாம், குரலாலா எழுத்தாலா, ஒருவரை எப்படி வாயடைப்பது என்பவற்றையெல்லாம் ஒருவர் மேசைமுன் அமர்ந்து முடிவு செய்கிறார். அந்த முடிவு நம் பிள்ளைகளின் நாவில் வந்து நிற்கிறது. ஆதலின், இப்பொருள் குடும்பத்தார் அனைவரும் அறிந்திருக்கத் தக்கதே.

தொடக்கத்திலேயே தோன்றிய சிக்கல்

பலர் ஒருங்கே ஆடும் கணினி விளையாட்டு நேற்றுத் தோன்றியதன்று. இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா என்ற மாணவர் 1978இல் 'மட்' என்ற விளையாட்டைத் தொடங்கினார். ரிச்சர்டு பார்ட்டில் என்பார் அதனை வளர்த்தார். அதில் படமே கிடையாது, எல்லாம் எழுத்து. பின்னாளில், 1996இல், பார்ட்டில் இத்தகைய விளையாட்டிற்கு வருவோரை நான்கு வகையினராகப் பிரித்து எழுதினார். வெற்றியை நாடுவோர் ஒரு வகை. புதியன தேடுவோர் ஒரு வகை. பிறரைத் துன்புறுத்தி மகிழ்வோர் ஒரு வகை. நான்காம் வகையினரோ பேசிப் பழகுவதற்காகவே வருவோர். இவர்களுக்கு விளையாட்டு ஒரு சாக்கு, பேச்சே பயன். நம் பிள்ளைகளுள்ளும் இவ்வகையினர் பலர் உண்டு என்பதை மறவாதிருப்போமாக.

அமெரிக்காவில் லூக்காஸ்ஃபிலிம் நிறுவனத்தார் 1986இல் 'ஹாபிடாட்' என்ற விளையாட்டுலகைச் சோதனையாகத் திறந்தனர். அங்கே ஆடுவோர் ஒவ்வொருவருக்கும் ஒரு படவுருவம் இருந்தது. அவர் தட்டெழுதும் சொல் திரையின் மேற்புறத்தில் பேச்சுக் குமிழாகத் தோன்றும். விரைவில் அங்கே திருட்டும் கொலையும் தலைகாட்டின. அப்பொழுது, மெய்வாழ்வில் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் குருவாக இருந்த ஓர் ஆட்டக்காரர் அவ்வுலகில் 'புனித வால்நட் சபை' என்று ஒரு கோயிலையே தொடங்கினார். அதில் சேர்வோர் ஆயுதம் ஏந்தலாகாது, திருடலாகாது, எவ்வித வன்முறையிலும் ஈடுபடலாகாது என்பது விதி. பெயரில் நகைச்சுவை இருப்பினும் அச்சபைக்கு ஆள் சேர்ந்தது. அதன் தலைவர்க்கு மதிப்பும் பெருகிற்று என்று அந்த விளையாட்டை அமைத்த சிப் மார்னிங்ஸ்டாரும் ராண்டி ஃபார்மரும் எழுதி வைத்துள்ளனர். முகமறியா இடத்திலும் மனிதர் ஒழுங்கிற்கு ஏங்குவர் என்பதற்கு இது சான்றன்றோ?

கட்டற்ற குரல்

பின்னர் எழுத்து போய்க் குரல் வந்தது. இன்றைய சுடும் விளையாட்டுகளில் நால்வர் ஓர் அணியாக இறங்குவர். 'மைக்'கைத் திறந்தால் ஒருவர் பேசுவது மற்ற மூவர்க்கும் கேட்கும். தட்டெழுத நேரமில்லாத ஆட்டத்திற்கு இது வசதியே. ஆனால் எழுத்து வடிவச் சொல்லைத் தடுக்கும் சல்லடை பேச்சைத் தடுப்பது அரிது. அந்த எழுத்துச் சல்லடையும் ஆங்கிலத்திற்கென நெய்யப்பட்டதாயின், தமிழ் வசையை ஆங்கில எழுத்தில் எழுதினால் அதன் கண்ணில் படாமல் நழுவிவிடும்.

நம் மலைக்கு அண்மையிலுள்ள தருமபுரியில் 2021ஆம் ஆண்டு ஜூன் மாதம் நடந்ததைப் பலர் நினைவில் வைத்திருக்கலாம். பப்ஜி ஆடிக்கொண்டே ஆபாசமாகப் பேசி, அதனை யூடியூபில் நேரலையாக ஒளிபரப்பியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட இளைஞர் ஒருவர் அங்கே கைது செய்யப்பட்டார். வருந்தத்தக்கது யாதெனின், அவ்வொளிபரப்பைக் காத்திருந்து பார்த்தவர்களுள் பள்ளிச் சிறுவர் பலர் இருந்தமையே. அவர்கள் ஆட்டத்தோடு நாவையும் கற்றனர்.

இம்மலைப் பிள்ளைகளுக்கு இன்னொரு துன்பமும் உண்டு. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் ஒரு பையன், தான் ஒருபோதும் மைக்கைத் திறப்பதில்லை என்றான். காரணம் கேட்டதற்கு, "வாயைத் திறந்தால் என் பேச்சைப் போலச் செய்து சிரிக்கிறார்கள், ஃபாதர். சிலர் இந்தியில் பேசுகிறார்கள். எனக்கு ஒன்றும் புரியாது. திட்டுவது மட்டும் புரிகிறது" என்றான். ஆயினும் அவன் ஆடுவதை விடவில்லை. எப்படியென்றால், "எதிரி இங்கே", "துணைக்கு வா", "நன்றி" என்று விளையாட்டிலேயே ஆயத்தமாக வைத்துள்ள சிறு வாசகங்களைத் தொட்டுத் தன் அணியோடு உறவாடுகிறான். அவன் மொழியை எள்ளுவோர்க்கு அந்தப் பொத்தான் இடம் தரவில்லை. ஓர் ஏழைப் பிள்ளையின் மானத்தை ஒரு பொத்தான் காத்தது என்றால் அது மிகையன்று.

தடையும் அமைப்பும்

அரசு கைகட்டி நிற்கவில்லை. 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி உட்பட 118 செயலிகளையும், 2022 பிப்ரவரியில் ஃபிரீ ஃபயர் உட்பட 54 செயலிகளையும் மைய அரசு தடை செய்தது. பப்ஜியின் இடத்தில் 2021 ஜூலையில் வந்த பி.ஜி.எம்.ஐ. என்ற விளையாட்டு, 2022 ஜூலையில் நீக்கப்பட்டு, 2023 மே மாதம் நேரக் கட்டுப்பாடுகளோடு திரும்பி வந்தது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025ஆம் ஆண்டின் சட்டம் விலக்கியுள்ளது. இவை நாட்டின் பாதுகாப்பையும் குடும்பத்தின் பணத்தையும் நேரத்தையும் கருதியவை. பேச்சின் தரம் வேறு பொருள். ஒரு செயலியை நீக்கினால் பேச்சு அடுத்த செயலிக்குக் குடிபெயரும். வசையும் உடன் செல்லும். ஆகவே தடையோடு நில்லாமல், பேசுமிடத்தின் அமைப்பையும் நோக்க வேண்டும்.

நல்ல சொற்களை மட்டுமே அனுமதித்தால் போதாதா என்று சிலர் கேட்பர். 1990களில் டிஸ்னி நிறுவனத்தார்க்கும் இவ்வெண்ணம் எழுந்தது. மாசற்ற சொற்களை மட்டும் தொகுத்துத் தந்து ஒரு சிறுவனைச் சோதித்தனர். சில நிமிடங்களில், முயலையும் ஒட்டகச்சிவிங்கியையும் வைத்தே அவன் ஓர் ஆபாச வாக்கியத்தைப் புனைந்துவிட்டான். சொல்லில் குற்றமில்லை, கருத்திலேதான் குற்றம். இப்பாடத்தைக் கற்ற பின்னரே, 2003இல் வெளிவந்த 'டூன்டவுன்' என்ற சிறுவர் விளையாட்டில் சொற்களுக்குப் பதில் முழு வாக்கியங்களையே பட்டியலிட்டுத் தந்தனர். கட்டின்றிப் பேச விரும்பும் இரு சிறுவர், விளையாட்டிற்கு வெளியே ஓர் இரகசியக் குறியீட்டைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். முன்பே அறிமுகமானோர்க்கு மட்டும் கதவு திறக்கும் என்பது இதன் கருத்து.

நவி மும்பையில் உருவாகி 2016இல் வெளிவந்த 'லூடோ கிங்' என்ற நம் நாட்டு விளையாட்டிலும் இத்தகைய வாயில் உண்டு. ஒருவர் தனியறை ஒன்றைத் திறந்து அதன் குறியீட்டை உற்றாருக்கு அனுப்பினால், அதனைப் பெற்றவரே உள்ளே வருவர். ஊரடங்கின்போது பிரிந்திருந்த குடும்பங்கள் பல இவ்வாறு தாயக்கட்டையை உருட்டி மகிழ்ந்தன. ஒரே செயலியில் அந்நியரோடு ஆடும் வாயிலும் இருக்கிறது. உறவினரோடு ஆடும் வாயிலும் இருக்கிறது. நம் பிள்ளை எவ்வாயிலில் நுழைகிறது என்பதே கேள்வி.

வேறோர் எடுத்துக்காட்டு சிந்தைக்கு விருந்தாவது. 2012இல் வெளிவந்த 'ஜர்னி' என்ற விளையாட்டில் முன்பின் அறியாத இருவர் பாலைவனத்தில் சந்தித்து ஒரு மலைநோக்கிப் பயணம் செய்வர். பேச்சில்லை, எழுத்தில்லை, பெயரும் இல்லை. இனிய ஓசை ஒன்றை எழுப்ப மட்டுமே இயலும். அதனை உருவாக்கியபொழுது, ஒருவரையொருவர் தள்ளும் ஆற்றலை முதலில் வைத்திருந்தனர். ஆடியோர் உடனே ஒருவரையொருவர் பள்ளத்தில் தள்ளி மகிழ்ந்தனர். அமைப்பாளர் ஜெனோவா சென் மனிதர் தீயவர் என்று முடிவு கட்டவில்லை. தள்ளும் ஆற்றலை நீக்கி, ஒருவரையொருவர் தொட்டால் இருவர்க்கும் பறக்கும் வலிமை கூடுமாறு மாற்றினார். தள்ளியவர்களே நெருங்கி நடக்கலாயினர். மனிதர் மாறவில்லை, களம் மாறிற்று.

'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' என்ற விளையாட்டில் நடந்ததும் இதுவே. எதிரணியோடு பேசும் வசதியை அந்நிறுவனத்தார் ஒழிக்கவில்லை. தொடக்க நிலையில் மூடி வைத்து, விரும்புவோர் தாமே திறந்துகொள்ளலாம் என்றனர். வசதியைப் பயன்படுத்தியோர் தொகை பெரிதும் குறையவில்லை. தீய பேச்சு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நல்ல பேச்சு அவ்வளவே கூடிற்று. கதவைத் தானே திறக்கும் ஒரு கணத்தில் மனிதன் தன்னை நினைத்துக்கொள்கிறான் போலும். 2019இல் வந்த 'ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்' ஒருபடி மேலே சென்று, ஒரு பொருளையோ இடத்தையோ சுட்டிப் பொத்தானை அழுத்தினால் அணியினர்க்குச் செய்தி எட்டுமாறு செய்தது. மொழி தெரியாதவனும், வாய் பேச இயலாதவனும், பேச அஞ்சும் பெண்பிள்ளையும் அங்கே சமமாக ஆடலாம்.

இவற்றைத் தொகுத்து நோக்கின் மூன்று வேலிகளும் மீண்டும் தோன்றக் காண்கிறோம். அறிந்தோர்க்கே கதவு திறப்பது முகத்தின் இடத்தை நிரப்புகிறது. வாயடைக்கும் பொத்தானும் முறையீட்டுப் பொத்தானும், அம்முறையீட்டை உண்மையாகவே படிக்கும் ஆளும் இருப்பின், அவை பெரியவரின் இடத்தை நிரப்பும். இன்று வசைபாடியவனுக்கு நாளை பேச்சுரிமை இல்லை என்னும் விதி மறுநாளின் இடத்தை நிரப்பும்.

பெற்றோர் செய்யத்தக்கது

பிள்ளையின் கையிலிருந்து கைப்பேசியைப் பிடுங்குமுன், அரைமணி நேரம் அருகில் அமர்ந்து அதனைக் காட்டச் சொல்லுங்கள். சில வினாக்களை அன்போடு கேளுங்கள். இந்த ஆட்டத்தில் உன்னோடு யார் பேசலாம்? அந்நியர் தனியே செய்தி அனுப்ப இயலுமா? மைக் தொடக்கத்திலேயே திறந்திருக்கிறதா? ஒருவர் கெட்ட சொல் சொன்னால் எந்தப் பொத்தானைத் தொடுவாய்? வேறு செயலிக்கு வா, படம் அனுப்பு, ஊரைச் சொல் என்று எவரேனும் கேட்டதுண்டா? கடைசி வினாவிற்கு ஆம் என்ற விடை வரின் பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டா. கடிந்தால் அடுத்த முறை சொல்லமாட்டான். அந்த ஆளைத் தடுத்து, முறையிட்டு, தேவையெனில் 1098 என்ற சிறார் உதவி எண்ணை அழையுங்கள். எழுத்தறியாத பெற்றோரும் இவ்வினாக்களைக் கேட்கலாம். பொத்தானைக் காட்டுவது பிள்ளையின் வேலை.

நிறுவனங்களும் அசையத் தொடங்கியுள்ளன. சிறுவர் மிகுதியாக ஆடும் ரோப்லாக்ஸ், அரட்டை வசதியைப் பயன்படுத்துவோர் வயதுச் சோதனைக்கு உட்பட வேண்டும் என்று 2025 நவம்பரில் அறிவித்தது. பெற்றோரும் அரசும் பன்னாடுகளிலும் குரல் எழுப்பிய பின்னரே இது நிகழ்ந்தது. கேட்டால்தான் கதவுக்குத் தாழ்ப்பாள் வரும்.

இளைஞர்க்கு ஒரு சொல்

வான்மீன்களை நோக்கும் வைணு பாப்பு ஆய்வகம் நம் மலையில் காவலூரில் நிற்கிறது. மலையடிவாரத் திருப்பத்தூரில் 1951 முதல் தூய நெஞ்சக் கல்லூரி கல்வி புகட்டி வருகிறது. மலைப் பிள்ளைகள் கணினி பயிலும் காலம் இது. அவர்களுக்குச் சொல்வேன்: விளையாட்டில் குறி பார்த்துச் சுடுவதைவிட, அவ்விளையாட்டில் மனிதர் எப்படிப் பேச வேண்டும் என்று வகுப்பது அரிய கலை; அதுவும் ஒரு தொழில். பேச்சை எள்ளினால் எப்படி வலிக்கும் என்று பட்டறிந்த ஒருவன் அந்த மேசைமுன் அமர்ந்தால், எங்கே எந்தப் பொத்தான் வேண்டும் என்பதை அவனுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. தமிழ் வசையை அறியும் சல்லடையை நெய்வதற்கும், தமிழில் "நன்றாக ஆடினாய்" என்று சொல்லும் பொத்தானை வைப்பதற்கும் தமிழறிந்த கைகள் தேவைப்படுகின்றன. அக்கைகளுள் சில ஜமுனாமரத்தூரிலிருந்தும் புதூர்நாட்டிலிருந்தும் செல்லட்டும்.