எலும்பு ஸ்கேனில் தெரிந்த இதயம்

எலும்பு ஸ்கேன் படத்தில் முதுகெலும்பும் விலா எலும்புகளும் கருமையாகத் தெரியும். இதயம் தெரியக் கூடாது. ஆனால் சிலருக்கு விலா எலும்பைவிட இதயச் சுவர்தான் அழுத்தமாகப் பதிவாகிறது. 1980களிலேயே மருத்துவர்கள் இதைக் கண்டிருந்தும், நோயறியும் முறையாக அது ஏற்கப்படப் பல ஆண்டுகள் பிடித்தன.

அந்தப் படம் காட்டிக்கொடுப்பது இதய அமிலாய்டு நோயை. கல்லீரல் சுரக்கும் டிரான்ஸ்தைரெட்டின் என்ற புரதம், தைராய்டு ஹார்மோனையும் வைட்டமின் ஏ சத்தையும் ரத்தத்தில் சுமந்து செல்வது. நான்கு கூறுகள் சேர்ந்த மூலக்கூறு அது. பரம்பரைப் பிழையாலோ வெறும் முதுமையாலோ அவை பிரிந்து, உருக்குலைந்து, அமிலாய்டு என்ற நூலிழைகளாகி இதயத் தசைக்குள் படிகின்றன. சுவர் தடித்து விறைக்கிறது. இதயம் விரிந்து ரத்தத்தை வாங்க முடியாமல் மூச்சிரைப்பும் கால் வீக்கமும் வருகின்றன.

முதுமையில் வரும் வகை பெரும்பாலும் அறுபதைத் தாண்டிய ஆண்களுக்கு. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இரண்டு மணிக்கட்டுகளிலும் நரம்பு அழுந்தி விரல்கள் மரத்துப்போயிருக்கலாம். கைக்கு அறுவை சிகிச்சை செய்தவருக்கும் பின்னாளில் இதயத்தைப் பார்ப்பவருக்கும் இடையே யார் முடிச்சுப் போடுவது? எக்கோவில் சுவர் தடித்திருக்கிறது, இசிஜியில் அலைகளோ சிறுத்திருக்கின்றன என்ற முரண் ஒரு நல்ல துப்பு. ஆனாலும் உறுதிசெய்ய, ரத்தக் குழாய் வழியாகக் கருவியைச் செலுத்தி இதயத்திலிருந்தே தசைத் துணுக்கை எடுக்கவேண்டியிருந்தது. எண்பது வயதுக்காரரிடம் அதைச் செய்யப் பலரும் தயங்கினார்கள்.

இங்கேதான் அணு மருத்துவம் கைகொடுத்தது. டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கத் தனிமத்தைப் பைரோபாஸ்பேட்டுடன் சேர்த்து சிரையில் ஊசி போடுகிறார்கள். அதன் கதிரியக்கம் 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும் என்பதால் கிடங்கில் வாங்கி அடுக்க முடியாது. மாலிப்டினம்-99 அடங்கிய ஜெனரேட்டரிலிருந்து அவ்வப்போது கறந்துகொள்கிறார்கள். ஊசி போட்டு ஒரு மணி அல்லது மூன்று மணி நேரம் கழித்து, உடலிலிருந்து வெளிவரும் காமாக் கதிர்களைக் கேமரா பதிவுசெய்கிறது. பைரோபாஸ்பேட், எலும்பிலுள்ள கால்சியத்தைத் தேடி ஒட்டும் பொருள். அமிலாய்டு படிவுகளில் நுண்ணிய கால்சியத் துகள்கள் இருப்பதால்தான் அங்கும் ஒட்டுகிறது என்பது பொதுவான விளக்கம்.

படத்துக்கு 0 முதல் 3 வரை தரம் இடுவார்கள். அளவுகோல் விலா எலும்பு: இதயம் அதற்கு இணையாகத் தெரிந்தால் 2, மிஞ்சினால் 3. உள்ளறையில் ஓடும் ரத்தமே இதயச் சுவர் போல ஏமாற்றக்கூடும் என்பதால், ஸ்பெக்ட் என்ற முப்பரிமாணப் படமும் கட்டாயம்.

படம் மட்டும் போதாது. எலும்பு மஜ்ஜையின் பிளாஸ்மா செல்களால் வரும் இன்னொரு அமிலாய்டும் சிலசமயம் இப்படியே தெரியும். அதற்குக் கீமோதெரபியைத் தாமதிக்காமல் தொடங்கவேண்டும். குழப்பிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. எனவே ரத்தத்திலும் சிறுநீரிலும் அந்த செல்கள் சுரக்கும் புரதம் இல்லை என்று முதலில் உறுதிப்படுத்துகிறார்கள். 1217 நோயாளிகளின் தரவுகளை அலசி 2016-ல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வு, இந்தப் புரதமும் இல்லை, தரமும் 2 அல்லது 3 என்றால் இதயத் தசைத் துணுக்கை எடுக்கும் பயாப்சியே வேண்டாம் என்று காட்டியது.

இந்த ஸ்கேனால், டிரான்ஸ்தைரெட்டின் அமிலாய்டுக்கு இருந்த ‘அரிய நோய்’ என்ற பட்டமே ஆட்டம் கண்டது. 60 வயதைக் கடந்து, இதயத்தின் சுருங்கும் திறன் குறையாமலே இதயச் செயலிழப்புக்கு ஆளாகி, சுவரும் தடித்திருந்த 120 பேரை ஸ்பெயினில் ஸ்கேன் செய்தபோது, 13 சதவீதத்தினரிடம் இந்நோய் இருந்தது. தேடாததால்தான் பாதி அரிதாகத் தோன்றியது என்பேன்.

தேடியதற்குப் பலனும் உண்டு. டிரான்ஸ்தைரெட்டினின் நான்கு கூறுகளையும் பிரியவிடாமல் பிடித்துவைக்கும் டஃபாமிடிஸ் மாத்திரைக்கு 2019-ல் அமெரிக்கா அனுமதி தந்தது. விலைதான் மலைக்க வைக்கிறது. படிந்ததை அது கரைக்காது, மேலும் படிவதைத்தான் தடுக்கும். ஆகவே சீக்கிரம் கண்டுபிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கண்டறிவதில் கெட்டிக்காரனான இந்த ஸ்கேன், நோய் கூடுகிறதா குறைகிறதா என்று பின்தொடர்வதில் அவ்வளவு நம்பகமானதல்ல. அதற்கு எக்கோ, எம்ஆர்ஐ, ரத்தப் பரிசோதனைகளையே மருத்துவர்கள் பெரிதும் சார்ந்திருக்கிறார்கள்.