மூன்றாவது வாக்கு

மட்டக்களப்பு வாவியைக் கடக்கும் மிதவைப் படகுக்கு இங்கே பெயர் 'பாதை'. குருக்கள்மடத்தில் ஏறினால் அம்பிளாந்துறையில் இறங்கலாம். குறுமண்வெளியில் ஏறினால் மண்டூர். 2014இல் பாலம் திறக்கும்வரை மண்முனையிலும் பாதைதான். வாவிக்குக் கிழக்கே கடலோரமாய்க் கிடப்பது எழுவான்கரை; மேற்கே வயலும் குளமுமாய் விரிவது படுவான்கரை. தொலைபேசி இல்லாத காலத்தில், மாரி மழைக்கு வாவி பொங்கிப் பாதை நின்றுவிட்டால் அக்கரையின் நிலையை அறிய வழியில்லை. ஊரே வெள்ளத்தில் போய்விட்டதா, ஊர் நன்றாயிருக்கப் பாதை மட்டும் நின்றதா? இக்கரையில் நிற்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியைக் கண்டவர்களுக்கு இந்தத் தவிப்பு விளங்கும்.

கணினித் துறையில், ஒரு சேர்வர் விழுந்தாலும் சேவை நிற்காமல் பார்க்க 'ஹை அவைலபிலிட்டி' என்று சொல்லும் ஏற்பாட்டின் கஷ்டம் முழுவதும் இதே தவிப்புக்குள்தான் இருக்கிறது.

முதலில் மெய்நிகர்க் கணினியைப் பார்ப்போம். வைத்தியசாலைப் பதிவேடு, கூட்டுறவுச் சங்கக் கணக்கு, பாடசாலைப் புள்ளிகள் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கணினி வாங்காமல், ஒரு பெரிய சேர்வருக்குள் மென்பொருளாலேயே இருபது கணினிகளை ஓடவிடலாம். ஐபிஎம் நிறுவனம் 1960களிலேயே இதைச் செய்துகாட்டியது. உள்ளே ஓடும் ஒவ்வொன்றும் முழுக் கணினி போலவே நடந்துகொள்ளும். உண்மையில் அதன் டிஸ்க் ஒரு கோப்பு. அதன் நினைவகம் பல கோடி எண்கள். கோப்பையும் எண்களையும் இடம் மாற்றலாம் அல்லவா? ஓடிக்கொண்டிருக்கும் கணினியை நிறுத்தாமலே ஒரு சேர்வரிலிருந்து மற்றதற்குத் தூக்கி வைக்கும் வசதியை 2003இல் விஎம்வேர் நிறுவனம் கொண்டுவந்தது. அதில் வேலை செய்துகொண்டிருப்பவருக்குக் கணினி இடம் மாறியதே தெரியாது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இந்த வியப்பு அடங்குவதில்லை.

ஆனால் இருபதும் ஒரே சேர்வரில் இருந்தால், அது விழும்போது இருபதும் விழும். அதனால் எழுவான்கரையில் ஒன்று, படுவான்கரையில் ஒன்று என்று இரண்டு சேர்வர் வைக்கிறோம். டிஸ்க் கோப்புகள் இரண்டுக்கும் பொதுவான சேமிப்பகத்தில் இருக்கின்றன. இரண்டும் நொடிதோறும் ஒன்றுக்கொன்று 'இருக்கிறேன்' என்று துடிப்பு அனுப்புகின்றன. ஒன்றின் துடிப்பு நின்றால் மற்றது அதன் மெய்நிகர்க் கணினிகளைத் தன்னிடம் கிளப்ப வேண்டும்.

எளிதாகத்தான் தெரிகிறது. ஆனால் துடிப்பு நின்றது சேர்வர் செத்ததாலா, பாதை நின்றதாலா? பாதை மட்டும் நின்றிருந்தால், இரண்டு கரையும் மற்றக் கரை அழிந்துவிட்டதென்று எண்ணும். ஒரே வைத்தியசாலைப் பதிவேடு இரண்டு இடத்தில் ஓடத் தொடங்கும். ஒரே டிஸ்க்கில் இரண்டு கை எழுதினால் கோப்பு சிதைந்துபோகும். இந்தத் துறையில் இதற்கு 'மூளை பிளவுபடுதல்' என்று பெயர். 2018 ஒக்டோபர் 21இல் கிட்ஹப் நிறுவனத்தின் அமெரிக்கக் கிழக்குக் கரைத் தரவு நிலையத்துக்கான இணைப்பு 43 நொடிகள் அறுந்தது. அதற்குள் தரவுத்தளத் தலைமை மேற்குக் கரைக்கு மாறிவிட்டது. இரண்டு கரையிலும் மற்றதில் இல்லாத பதிவுகள் சேர்ந்துவிட்டன. அவற்றைச் சரிப்படுத்திச் சேவையை வழமைக்குக் கொண்டுவர 24 மணி 11 நிமிடம் பிடித்தது.

இதற்கு மருந்து, நமது மீனவர் சங்கக் கூட்டங்களில் எல்லாருக்கும் தெரிந்த சொல்: கோரம், அதாவது முடிவெடுக்கத் தேவையான குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை. மூன்றாவதாக, வாவிக்குள் உள்ள புளியந்தீவில் ஒரு சிறு கணினி வைத்துவிடுங்கள். அது வேலை எதுவும் செய்ய வேண்டாம், வாக்கு மட்டும் போடும் சாட்சியாக இருக்கட்டும். பாதை நின்றால் மூன்றில் இரண்டு வாக்கு எந்தப் பக்கம் சேருகிறதோ அந்தப் பக்கமே ஓடும். ஒரே நேரத்தில் இரண்டு பக்கத்துக்குப் பெரும்பான்மை இருக்க முடியாது. லெஸ்லி லம்போர்ட் என்ற அறிஞர் இத்தகைய உடன்பாட்டு முறையொன்றுக்குக் கணித அடித்தளம் இட்டபோது, அதை ஒரு கிரேக்கத் தீவின் பழைய பாராளுமன்றக் கதையாகவே எழுதினார். 1990இல் அனுப்பிய கட்டுரை 1998இல்தான் அச்சேறியது. நான்கு சேர்வர் வைத்தால் இன்னும் பலமா? இல்லை. நான்கில் பெரும்பான்மைக்கு மூன்று வேண்டும். ஆகவே அதுவும் ஒன்றின் இழப்பைத்தான் தாங்கும். சாட்சி இல்லாத இரண்டோ ஒன்றைவிட மோசம்: எது விழுந்தாலும் மிஞ்சியதற்குக் கோரம் இல்லை.

பெரும்பான்மை இழந்த சேர்வர் என்ன செய்ய வேண்டும்? தானே அணைந்துபோக வேண்டும். அது நலமாகவே இருக்கலாம், வேலையும் செய்துகொண்டிருக்கலாம். ஆனாலும் மற்றவர்கள் அதை நம்ப வழியில்லை. இதற்காகவே 'வோச்டோக்' என்ற காவல் கடிகாரம் இருக்கிறது. புரொக்ஸ்மொக்ஸ் என்ற இலவச மென்பொருளில் கோரம் போய் 60 நொடி கழிந்தால் அது சேர்வரை மீளத் தொடக்கிவிடும். மற்றக் கரையின் சேர்வர் அதுவரை பொறுத்திருந்து, அதன்பிறகே மெய்நிகர்க் கணினிகளை எடுத்துக்கொள்ளும். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய இரண்டு நிமிடம். '99.999 விழுக்காடு' என்று விற்பவர்கள் சொல்லும் கணக்கில், சேவை நின்றிருக்க ஆண்டில் ஐந்தேகால் நிமிடமே இடமுண்டு. அப்படியானால் அந்த ஆண்டில் இரண்டு முறை விழலாம், மூன்றாவது முறை விழக்கூடாது.

நடைமுறையில் கண்ணுக்குத் தெரியாத பழுதுகளே அதிகம். இரவில் காப்புப் பிரதி எடுக்கும்போது வலையமைப்பு நெரிந்து துடிப்பு தாமதமாகும். நலமான சேர்வர் தன்னைத் தானே கொன்றுகொள்ளும். காலையில் பார்ப்பவர் இயந்திரத்தைக் குறை சொல்லி மெமரியை மாற்றுவார். குற்றவாளி வயர்தான். துடிப்புக்கென்று தனி வயரும் தனி சுவிச்சும் கொடுத்தால் தீரும். வேறு சில இடங்களில் சேர்வர் விழுந்த பின்பும் மெய்நிகர்க் கணினி மற்றதில் எழும்பாது. யாரோ என்றோ மாட்டிய சீடி கோப்பு பழைய சேர்வரின் சொந்த டிஸ்க்கில் கிடக்கும். இருபது கணினிகளைத் தாங்க மிஞ்சிய சேர்வரில் நினைவகம் போதாமலும் போகும்.

எல்லாவற்றையும் ஒருசேர வீழ்த்தும் பொதுக் காரணம் இன்னும் கொடியது. இரண்டு கேபிளும் கல்லடிப் பாலத்தின் கீழேயே போனால் அது ஒரு கேபிள்தான். 2025 பெப்ரவரி 9 ஞாயிறு முற்பகல், பாணந்துறை மின் உபநிலையத்தில் ஒரு குரங்கு மாட்டிக்கொண்டதும் நாடு முழுதும் இருண்டது. மின் நிலையங்கள் பல இருந்தன. எல்லாம் ஒரே வலையில் கோத்திருந்தன.

இத்தனையும் சரியாக இருந்தாலும் ஒன்று மிஞ்சும். 2023இல் இலங்கை அரசாங்க முகிலிலிருந்த அரச மின்னஞ்சல் அமைப்பைக் கப்ப மென்பொருள் தாக்கியது. சுமார் 5000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் இழப்புக்கு உள்ளாயின. இணைப்பிலிருந்த காப்புப் பிரதியும் சேர்ந்தே பூட்டப்பட்டது. ஹை அவைலபிலிட்டி இதைத் தடுக்காது. அது நல்லதையும் கெட்டதையும் ஒரே விசுவாசத்தோடு மறுபக்கம் கொண்டுசேர்க்கும். இணைப்பிலிருந்து கழற்றி வைத்த பிரதிக்கு ஈடான மாற்று எனக்குத் தெரிந்து எதுவுமில்லை.

ஆகவே இந்தப் பக்கத்து அலுவலகங்களில் சேர்வரைப் பொறுப்பெடுத்திருக்கும் தம்பிமார், தங்கைமாரிடம் ஒரு வேண்டுகோள். வேலை குறைந்த ஒரு சனிக்கிழமை பின்னேரம், சொல்லிவிட்டு, ஒரு சேர்வரின் வயரைக் கழற்றிப் பாருங்கள். கடிகாரத்தைப் பார்த்து எண்ணுங்கள். பிறகு கழற்றி வைத்த பிரதியிலிருந்து ஒரு கணினியை மீட்டெடுத்துப் பாருங்கள். சேர்வர் எழுவான்கரையில் இருந்தால் அந்தப் பிரதி படுவான்கரையில் இருக்கட்டும். 2004 டிசம்பர் 26இல் கடல் அடித்தது எழுவான்கரையைத்தான்.