விமர்சகர்கள் கழுவி ஊற்றிய ஆல்பங்கள் கோடிக்கணக்கில் விற்றது எப்படி?

1983 நவம்பர். அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் பட்டியலில் ‘தி போலீஸ்’ குழுவின் ‘சிங்க்ரானிசிட்டி’யைக் கீழே தள்ளிவிட்டு முதலிடத்தில் வந்து உட்கார்ந்தது ‘மெட்டல் ஹெல்த்’. லாஸ் ஏஞ்சலஸைச் சேர்ந்த ‘கொயட் ரயட்’ குழுவின் ஆல்பம் அது. ஹெவி மெட்டல் ஆல்பம் ஒன்று அந்த இடத்தைப் பிடித்தது அதுதான் முதல்முறை. அடுத்த எட்டு வருஷத்துக்கு ‘கிளாம் மெட்டல்’ காட்டில் மழைதான். ஆனால், விமர்சகர்கள் பலர் கடைசிவரை முகம் சுளித்தபடியே இருந்தார்கள்.

அது என்ன கிளாம் மெட்டல்?

ஊதிவிட்ட தலைமுடி, முகத்தில் மேக்கப், இறுக்கமான உடை, அலறும் கிட்டார். கூடவே, ஒருமுறை கேட்டாலே சேர்ந்து பாடத் தோன்றும் பல்லவி. 1981-ல் தொடங்கிய எம்டிவிக்கு இது அல்வா மாதிரி. பாட்டைக் கேட்பதோடு பார்க்கவும் ஆள் இருந்தார்கள்.

விமர்சகர்களுக்கு ஏன் பிடிக்கவில்லை?

ஆழமான வரிகள், சமூகக் கோபம், புதுமை. இவைதான் அன்றைய ராக் விமர்சனத்தின் அளவுகோல்கள். பார்ட்டி, பெண்கள், பைக் என்று பாடியவர்கள் அதில் தேறவில்லை.

ஹார்டு ராக்குக்கு இது புதிதும் அல்ல. 1969-ல் ‘லெட் செப்பலின்’ குழுவின் முதல் ஆல்பத்தை ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் கடுமையாகச் சாடியது. அதே இதழ் 2003-ல் வெளியிட்ட ‘500 சிறந்த ஆல்பங்கள்’ பட்டியலில் அந்த ஆல்பத்துக்கு 29-வது இடம்!

அப்போ, விமர்சகர்கள் சொன்னது எல்லாமே தப்பா?

அப்படியும் சொல்ல முடியாது. பெண்களைக் காட்சிப் பொருளாக்குகிறார்கள் என்ற குற்றச்சாட்டு நியாயமானது. ‘கன்ஸ் அண்ட் ரோஸஸ்’ குழுவின் ‘அப்பெடைட் ஃபார் டிஸ்ட்ரக்‌ஷன்’ ஆல்பத்துக்கு முதலில் வைத்த அட்டைப் படம், பாலியல் வன்முறையைச் சித்தரித்தது. கடைகள் விற்க மறுத்ததால் அட்டையையே மாற்ற வேண்டிவந்தது.

ஆனால், 1987 ஜூலையில் வெளியான அதே ஆல்பத்தின் பயணத்தையும் பாருங்கள். பில்போர்டு பட்டியலில் நுழைந்தபோது அதற்கு 182-வது இடம். எம்டிவி வீடியோக்களும் ஓயாத கச்சேரிகளும் கைகொடுக்க, ஒரு வருஷம் கழித்து 1988 ஆகஸ்ட்டில் முதலிடம். இன்று அமெரிக்காவில் மட்டும் 1.8 கோடி பிரதிகளுக்கான சான்றிதழ் அதன் கையில். பாட்டு பிடித்தவர்கள் மெல்ல மெல்லச் சேர்த்த கூட்டம் அது.

ஆட்டம் முடிந்தது எப்போது?

1991 செப்டம்பரில் நிர்வாணாவின் ‘நெவர்மைண்ட்’ வந்தது. மேக்கப் போய், கசங்கிய சட்டை ஃபேஷனானது. கிளாம் மெட்டலுக்கு ‘ஹேர் மெட்டல்’ என்ற இளக்காரப் பெயர் ஒட்டிக்கொண்டது. அந்த ஆல்பங்களை விரும்பியவர்கள்கூட அதை வெளியே சொல்லத் தயங்கிய காலம் வந்தது.

மறுபடி மரியாதை கிடைத்ததா?

கிடைத்தது, ரொம்பத் தாமதமாக. முதல் வணிக இசைப்பதிவு வந்து 25 வருஷம் ஆனால் ‘ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்’ கௌரவத்துக்குத் தகுதி உண்டு. 1984-ல் முதல் ஆல்பம் தந்த பான் ஜோவிக்கு அது கிடைத்தது 2018-ல்தான். டெஃப் லெப்பர்டுக்கு 2019-ல். இரண்டு முறையும் ரசிகர் வாக்கெடுப்பில் அந்தக் குழுக்களே முதலிடம்.

ஆக, ஸ்டார் ரேட்டிங் பொய் அல்ல. அது ஒருவர், ஒரு காலத்தில், ஒரு அளவுகோலை வைத்து அளந்தது. அன்றைய விமர்சகர்கள் வரிகளை எடை போட்டார்கள். அரங்கத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒரே குரலில் பாடிய சந்தோஷத்துக்கு அந்தத் தராசில் தட்டே இல்லை. அடுத்த முறை இரண்டு ஸ்டாரைப் பார்த்து ஒரு ஆல்பத்தைத் தாண்டிப் போகும் முன், அவர் எதை அளந்தார் என்று பாருங்கள். அப்புறம் ஒருமுறை கேட்டுவிட்டு முடிவு பண்ணுங்கள்.