ஆடுகளம் விட்டு அரசியல் – 11: பதினாறு வாக்குகள்

சென்ற வாரம் பல்வங்கர் பாலுவைப் பார்த்தோம். பந்து வீச்சில் பேரெடுத்து, 1937 தேர்தலில் அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றவர். இந்த வாரம் நம் வாசலுக்கே வந்துவிடலாம். செங்கல்பட்டு மாவட்டம், மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரி. சாலையோரப் பட்டறைகளில் பகலெல்லாம் உளிச்சத்தம் கேட்கிற ஊர். 2022 ஜூலைக் கடைசியில் அங்கே வேட்டி சட்டை அணிந்த குதிரை ஒன்று கைகூப்பி நின்றது. பெயர் ‘தம்பி’. 44-வது செஸ் ஒலிம்பியாடின் சின்னம் அது.

அந்தப் போட்டி மாஸ்கோவில் நடக்க வேண்டியது. பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் படையை அனுப்பியதும் உலகச் செஸ் சம்மேளனமான ஃபிடே அதை மாஸ்கோவிடமிருந்து பறித்தது. தமிழ்நாடு கேட்டு வாங்கி, நான்கே மாதத்தில் நடத்திக் காட்டியது. 186 நாடுகளின் ஆட்டக்காரர்கள் கடற்கரைச் சாலையில் வந்து இறங்கினார்கள். ரஷ்யாவுக்கும் பெலாரசுக்கும் அணியாக வர அனுமதி இல்லை.

இதெல்லாம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அதே நாட்களில் ஃபிடேயின் பொதுச்சபையும் கூடி, ஆகஸ்ட் 7 அன்று தலைவர் தேர்தலை நடத்தியது என்பதுதான் பலருக்கு நினைவில் இல்லை. அந்தத் தேர்தலில் நம் விஸ்வநாதன் ஆனந்த் வேட்பாளர்.

விளையாட்டுச் சங்கத் தேர்தல் எப்படி அரசியலாகும் என்று கேட்பவர்கள் வேட்பாளர் பட்டியலைப் பார்த்தால் போதும். பதவியில் இருந்த தலைவர் அர்காடி துவார்கோவிச், 2012 முதல் 2018 வரை ரஷ்யாவின் துணைப் பிரதமராக இருந்தவர். மீண்டும் நின்றார். அவரை எதிர்த்து உக்ரைன் கிராண்ட்மாஸ்டர் ஆந்திரி பாரிஷ்போலெத்ஸ். போர் நடந்துகொண்டிருக்கும்போதே இரண்டு நாட்டுக்காரர்களும் ஒரே பதவிக்கு மோதினார்கள்.

தலைவரும் துணைத் தலைவரும் ஜோடியாகத்தான் நிற்க வேண்டும் என்பது ஃபிடே விதி. துவார்கோவிச்சின் ஜோடி ஆனந்த். பாரிஷ்போலெத்சின் ஜோடி டென்மார்க்கின் பீட்டர் ஹைன நீல்சன். இந்தப் பெயரைப் படித்த அன்று நான் கொஞ்சம் திகைத்துப்போனேன். 2008-இல் பானில் கிராம்னிக்கையும், 2010-இல் சோஃபியாவில் தொபாலோவையும், 2012-இல் மாஸ்கோவில் கெல்ஃபாண்டையும் ஆனந்த் வென்றபோது, அறைக்குள் உட்கார்ந்து ஆட்டங்களைத் தயார் செய்த உதவியாளர்களில் ஒருவர் இந்த நீல்சன். உலகப் பட்டத்துக்கு மோதுபவருக்கு உதவியாளர் என்றால் வீட்டு மனிதர் மாதிரி. எந்தத் திறப்பில் அவருக்குத் தடுமாற்றம், எந்த இரவில் தூக்கம் வரவில்லை என்பதுவரை தெரிந்தவர். பிறகு நீல்சன் கார்ல்சனின் பயிற்சியாளரானார். அந்தப் பழைய கூட்டாளிகள் இருவரும் இப்போது எதிரெதிர் அணியில், அதுவும் சென்னைக்காரரின் சொந்த மண்ணில்.

செஸ் உலகில் இது புதிதல்ல. உலகப் பட்டத்துக்கான மோதலில் ஆனந்தை வென்றவர்களில் இருவர் இந்த நாற்காலிக்கு நின்றவர்கள். 2010-இல் கார்போவ் நின்றார். அப்போதைய தலைவர் இல்யும்ஜினோவிடம் 95-க்கு 55 என்று தோற்றார். 2014-இல் நார்வேயின் ட்ரோம்சோவில் காஸ்பரோவ் நின்றார். அவரும் இல்யும்ஜினோவிடமே 110-க்கு 61 என்று தோற்றார். காஸ்பரோவ் அதற்கு முன்பே ரஷ்ய அதிபர் தேர்தலுக்கு முயன்றவர். வேட்பாளராக முன்மொழியும் கூட்டத்துக்கு மாஸ்கோவில் ஒரு மண்டபம்கூட வாடகைக்குக் கிடைக்காமல் 2007 டிசம்பரில் விலகினார். அதற்கு முந்தைய மாதம் ஊர்வலம் போனதற்காக அவரை ஐந்து நாள் சிறையில் வைத்தபோது, பார்க்கப் போனவர் ஜென்மப் பகையாளி கார்போவ். உள்ளே விடவில்லை. அந்தக் கார்போவ் 2011-இல் ஆளுங்கட்சி சார்பில் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார்.

பலகையில் இத்தனை பெரியவர்கள் வாக்குப்பெட்டியில் ஏன் தோற்றார்கள்? ஃபிடேயில் ஒரு நாட்டுக்கு ஒரு வாக்கு. கிராண்ட்மாஸ்டர்கள் குவிந்திருக்கும் இந்தியாவுக்கும் ஒன்று, செஷெல்ஸ் தீவுக்கும் ஒன்று. வாக்குப் போடுபவர்கள் ஆட்டக்காரர்கள் அல்ல, சம்மேளன நிர்வாகிகள். அவர்களுக்கு விமான டிக்கெட், பயிற்சி, பலகை, கடிகாரம், உதவித்தொகை எல்லாம் வர வேண்டும். காஸ்பரோவும் அந்தக் கணக்கில் இறங்கித்தான் பார்த்தார். ஃபிடேயின் பொதுச்செயலாளராக இருந்த சிங்கப்பூர்க்காரர் ஒருவரோடு அவர் போட்ட பண ஒப்பந்தம் வெளியே வந்து, 2015-இல் இருவருக்கும் இரண்டாண்டுத் தடை விழுந்தது. உலகச் சாம்பியனாக இருந்து ஃபிடே தலைவரானவர் மாக்ஸ் யூவ் ஒருவரே. 1970 முதல் 1978 வரை.

ஆனந்த் தலைவர் பதவிக்கு நிற்கவில்லை. துணைக்கு நின்றார். ஆனால் துவார்கோவிச்சுக்கு அந்த ஆண்டு தேவைப்பட்டது ஒரு துணைத் தலைவர் மட்டுமல்ல, யாரும் குறை சொல்ல முடியாத ஒரு முகம். முப்பது ஆண்டு ஆடியும் எதிரியைச் சம்பாதிக்காத மனிதர் ஆனந்த். அந்த நற்பெயர்தான் சீட்டில் ஏறியது. துவார்கோவிச் மேல் நியாயமும் சொல்ல வேண்டும். மார்ச்சில் அவர் போருக்கு எதிராகப் பேசினார். ஆளுங்கட்சிக்காரர்கள் துரோகி என்கிற அளவுக்குத் திட்டினார்கள். ஸ்கோல்கோவோ அறக்கட்டளைத் தலைமையிலிருந்து விலகினார். ஆனாலும் ஃபிடே நாற்காலியை அவர் விடவில்லை.

முடிவு 157-க்கு 16. உக்ரைன்காரருக்குப் பதினாறே பதினாறு.

மறுநாள் இங்கே எல்லோரும் ஆனந்த் வென்றதைக் கொண்டாடினோம். 1988-இல் அவர் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது பத்திரிகைப் படத்தை வெட்டி நோட்டில் ஒட்டியவர்களில் நானும் ஒருவன்; எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்த 157-இல் ஆனந்துக்காக விழுந்தது எவ்வளவு, அவர் பெயரின் நிழலில் இன்னொருவருக்கு விழுந்தது எவ்வளவு என்று நாம் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். நம் ஊர்ப் பிள்ளை என்பதற்காகக் கேள்வியை விழுங்குவது அவருக்குச் செய்கிற மரியாதை ஆகாது.

தேர்தல் முடிந்து இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 9, ஒலிம்பியாடின் கடைசிச் சுற்று. பெண்கள் பிரிவில் அதுவரை முன்னணியில் இருந்த இந்திய அணி அமெரிக்காவிடம் தோற்று வெண்கலத்துக்கு இறங்கியது. தங்கம் வாங்கியது உக்ரைன். முஸிச்சுக் சகோதரிகள் மரியா, அன்னா, இவர்களோடு உஷெனினா, ஒஸ்மாக், புக்ஸா. ஊரில் குண்டு விழுந்துகொண்டிருக்க, பூஞ்சேரியில் பதினோரு சுற்றிலும் ஒன்றில்கூடத் தோற்காமல் ஆடிய அணி அது.

உங்கள் வீட்டிலும் செஸ் வகுப்புக்குப் போகிற ஒரு பிள்ளை இருக்கலாம். இந்தியாவின் அந்த ஒரு வாக்கு அந்தப் பிள்ளையின் பெயரில்தான் போடப்படுகிறது. அடுத்த தேர்தல் வரும்போது, யாருக்கு, எதற்காகப் போடப்போகிறீர்கள் என்று சம்மேளனத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள்.

(தொடரும்)