பேய்ப் படத்தை விடுங்க... பிடிச்ச படம் எது?

ரயிலில், டீக்கடையில் ஓயாத வாக்குவாதம்
ரசிகர்கள் உயிரை விடும் படங்களுக்கு உயிர் இருக்கிறதா?

சென்னை:

"பேய்ப் படத்தை விட்டுட்டு உனக்கு ரொம்பப் பிடிச்ச படம் ஒண்ணே ஒண்ணு சொல்லு, பார்ப்போம்!"

இந்த ஒரு கேள்வியைக் கடற்கரை - தாம்பரம் மின்சார ரயிலில் போட்டால் போதும். எழும்பூரில் ஆரம்பிக்கிற வாக்குவாதம் கோடம்பாக்கத்தைத் தாண்டி, கிண்டி வந்தும் ஓயாது.

ஆபீஸ் குமாஸ்தா ஒரு படம் சொல்வார். பாரிமுனை கடைக்காரர் "அதெல்லாம் ஒரு படமா?" என்று இன்னொன்று சொல்வார். காதில் வயரை மாட்டிக்கொண்டு நிற்கிற காலேஜ் பையனும் வயரைக் கழற்றிவிட்டு வந்து சேர்ந்துகொள்வான். பேச்சு சுவாரசியத்தில் இறங்க வேண்டிய ஸ்டேஷனைக் கோட்டை விடுகிறவர்களும் உண்டு.

பேய்ப் படங்களுக்குக் கூட்டம் குறைச்சல் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 2007-ல் "முனி" வந்தது. 2011-ல் "காஞ்சனா" வந்தது. 2014-ல் "அரண்மனை" வந்தது. மூன்றுமே வரிசையாக அடுத்தடுத்த பாகங்கள் எடுக்கிற அளவுக்கு வசூல் செய்தன.

ஆனால் பார்ப்பது வேறு. பிடிப்பது வேறு.

பேய் எந்தக் கதவுக்குப் பின்னால் நிற்கிறது என்று ஒரு தடவை தெரிந்துவிட்டால், மறு தடவை பயம் பாதியாகிவிடும். "பாசமலர்" அப்படியா? 1961-ல் வந்த அந்தப் படத்தில் அண்ணனும் தங்கையும் கடைசியில் செத்துப் போவார்கள் என்பது ஊருக்கே தெரியும். தெரிந்தே போய் உட்கார்ந்து, தெரிந்தே அழுதார்கள். மறுபடியும் போனார்கள்.

"திரும்பத் திரும்பப் பார்த்தது எது?" என்று கேட்டால்தான் பிடித்த படம் வெளியே வரும்.

நாயகன் ஜெயிலில், படம் தியேட்டரில்!

திரும்பத் திரும்பப் பார்த்த படம் என்றால் பெரியவர்கள் முதலில் சொல்வது "ஹரிதாஸ்".

1944 தீபாவளிக்கு சென்னை பிராட்வே தியேட்டரில் திரையிட்டார்கள். அந்தத் தீபாவளி போய், 1945 தீபாவளி போய், 1946 தீபாவளியும் வந்தது. படத்தை எடுக்கவில்லை. "மூணு தீபாவளி கண்ட படம்" என்று பெயர் வாங்கியது.

இதில் ஒரு திடுக்கிடும் விஷயம் உண்டு.

படம் வெளியான அடுத்த மாதமே, 1944 நவம்பரில், பத்திரிகை நடத்திய லட்சுமிகாந்தன் சென்னையில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அந்த வழக்கில் படத்தின் நாயகன் எம்.கே.தியாகராஜ பாகவதரும், அதே படத்தில் நடித்த என்.எஸ்.கிருஷ்ணனும் கைதானார்கள். தண்டனையும் கிடைத்தது. அப்பீலுக்குப் பிறகு 1947-ல்தான் இருவரும் விடுதலை ஆனார்கள்.

அதாவது படம் ஓடிய நாட்களில் பெரும்பகுதி நாயகன் கம்பிக்குப் பின்னால்! ஜனங்கள் அவரைத் தியேட்டரில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெற்றோரை மதிக்காத மகன் பட்டுத் திருந்துகிற கதை அது. அதற்கு இரண்டு வருஷத்துக்கு மேல் கூட்டம்.

சாதனையை உடைத்தது பேயா?

நீண்ட நாள் ஓடிய அந்தச் சாதனையைப் பல வருஷம் யாராலும் தொட முடியவில்லை.

2005 ஏப்ரல் 14-ந் தேதி வந்த "சந்திரமுகி", அண்ணா சாலை சாந்தி தியேட்டரில் 800 நாளைத் தாண்டி ஓடியது.

"பார்த்தீங்களா? கடைசியில ஜெயிச்சது பேய்தானே?" என்று ஒரு கட்சி கிளம்பும்.

உடனே எதிர்க்கட்சி எழுந்துவிடும். "அண்ணே, படத்தைச் சரியாப் பாருங்க. அதுல ஏது பேய்? அந்தப் பொண்ணுக்கு மனநோய்னு டாக்டர்தானே கண்டுபிடிக்கிறார்? ஜனம் போனது ரஜினிக்கும், ஜோதிகாவுக்கும், வடிவேலு நடுங்கினதுக்கும்!"

இந்த வழக்குக்கு இன்றுவரை தீர்ப்பு வரவில்லை.

பாலையாவை நடுங்க வைத்த நாகேஷ்

பேயே இல்லாத படத்தில் ஒரு பேய்க் கதை! அதுதான் தமிழ் ரசிகர்கள் மறக்காத காட்சி.

1964-ல் ஸ்ரீதர் எடுத்த "காதலிக்க நேரமில்லை". ஆழியாறு பக்கம் கதை நடக்கிறது. படம் எடுக்கத் துடிக்கிற மகன் நாகேஷ், பணக்கார அப்பா டி.எஸ்.பாலையாவை உட்கார வைத்து ஒரு திகில் கதை சொல்கிறார்.

அங்கே இருட்டு இல்லை. வெள்ளைச் சேலை இல்லை. நாகேஷின் குரலும் கையும், பாலையாவின் முகமும்தான். பாலையா பயப்படப் பயப்பட, தியேட்டர் சிரித்துப் புரண்டது. 60 வருஷம் கழிந்தும் அந்தக் காட்சி டி.வி.யில் வந்தால் கடையில் வியாபாரம் ஒரு நிமிஷம் நிற்கிறது.

ஆளுக்கு ஒரு படம்

எம்.ஜி.ஆர். ரசிகரைக் கேட்டால் யோசிக்கவே மாட்டார். 1958-ல் அவரே டைரக்ட் செய்து இரட்டை வேடம் போட்ட "நாடோடி மன்னன்", அல்லது 1965-ல் வந்த "எங்க வீட்டுப் பிள்ளை". சவுக்கைக் கையில் எடுக்கும் காட்சியை உட்கார்ந்தபடி சொல்ல அவரால் முடியாது. எழுந்து நின்றுதான் சொல்வார்.

கிராமத்தில் இருந்து பிழைக்க வந்தவர்கள் 1977-ல் வந்த "16 வயதினிலே" என்பார்கள். பாரதிராஜாவின் முதல் படம். செட்டுக்குள் இருந்த கேமரா வயலுக்கும் தெருப் புழுதிக்கும் வந்தது. சப்பாணியும் மயிலும் பரட்டையும் பக்கத்து வீட்டு ஆட்கள் மாதிரி ஆகிவிட்டார்கள்.

சிரிக்க வேண்டும் என்பவர்களுக்கு 1989-ல் வந்த "கரகாட்டக்காரன்". கவுண்டமணி - செந்தில் வாழைப்பழத் தகராறு இன்னும் பழக்கடைகளில் நடந்துகொண்டிருக்கிறது.

மர்மம் வேண்டும், பேய் வேண்டாம் என்பவர்கள் 1954-ல் வந்த "அந்த நாள்" படத்தைச் சொல்வார்கள். பாட்டே இல்லாத படம். ஆரம்பத்திலேயே சிவாஜி கணேசன் சுட்டுக் கொல்லப்படுகிறார். ஜப்பான்காரன் சென்னையில் குண்டு போட்ட 1943-ம் வருஷத்துக் கதை. சுட்டது யார்? பார்க்காதவர்களுக்காக இங்கே சொல்லக் கூடாது.

48 வருஷம் கழித்துத் திரும்பி வந்த கர்ணன்

பிடித்த படம் என்று வாயால் சொல்வது சுலபம். காசு கொடுத்துத் திரும்பவும் போவார்களா?

போனார்கள்!

பி.ஆர்.பந்துலு 1964 பொங்கலுக்கு வெளியிட்ட படம் "கர்ணன்". சிவாஜி கர்ணனாகவும், என்.டி.ராமராவ் கண்ணனாகவும் நடித்த கலர்ப் படம். காலப்போக்கில் படச்சுருள் பழுதாகி, ஒலியும் கெட்டுப் போயிற்று. அதை டிஜிட்டலில் சீர்ப்படுத்தி 2012 மார்ச்சில் வெளியிட்டார்கள். புதுப் படங்களுக்கு நடுவே சென்னையில் 100 நாளைத் தாண்டியது.

அதே பந்துலு எடுத்தது 1965-ல் வந்த "ஆயிரத்தில் ஒருவன்". எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் ஜோடி சேர்ந்த முதல் படம். 2014-ல் மறுபடியும் வந்து சென்னையில் வெள்ளி விழாக் கொண்டாடியது.

பெரியவர்கள் மட்டும்தான் இப்படி என்று நினைத்தால் தப்பு.

2004-ல் வந்த "கில்லி"யை 2024 ஏப்ரலில் திரும்ப வெளியிட்டார்கள். டி.வி.யில் எத்தனையோ தடவை போட்ட படம். அப்படியும் தியேட்டர்கள் நிரம்பின. படம் முதலில் வந்தபோது பிறக்காத பிள்ளைகள் சீட்டில் ஏறி நின்று ஆடினார்கள்.

தாத்தாவுக்குக் கர்ணன், பேரனுக்குக் கில்லி. இரண்டும் ஒரே வியாதிதான்!

கேட்டால் கிடைக்காத படங்கள்

இனிதான் வயிற்றைக் கலக்கும் சமாசாரம்.

தமிழின் முதல் பேசும் படம் "காளிதாஸ்". டி.பி.ராஜலட்சுமி நடித்தது. 1931 அக்டோபர் 31-ந் தேதி சென்னை கினிமா சென்ட்ரல் தியேட்டரில் வெளியானது. பிற்காலத்தில் முருகன் தியேட்டர் என்ற பெயரில் தங்கசாலைத் தெருவில் இருந்ததே, அதுதான்.

அந்தப் படத்தை இன்று பார்க்க முடியுமா? முடியாது. ஒரு காப்பி கூடக் கிடைக்கவில்லை.

  சென்னையில் ஊமைப் படம் எடுத்த முன்னோடி ஆர்.நடராஜ முதலியார். அவர் எடுத்த படங்களில் ஒன்று கூட மிஞ்சவில்லை.

யார் திருடினார்கள்? யாரும் திருடவில்லை. தீயும், அடுப்பும், அலட்சியமும் கொண்டு போயின.

பழைய காலத்துப் பிலிம் நைட்ரேட் பிலிம். மளமளவென்று பற்றிக்கொள்ளும். எரியும்போது தனக்கு வேண்டிய பிராணவாயுவைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். அதனால் தண்ணீருக்குள் அமுக்கினாலும் எரியும்! 2003 ஜனவரியில் புனேயில் நடந்த தீ விபத்தில் இப்படிப்பட்ட அபூர்வமான சுருள்கள் ஏராளமாகச் சாம்பல் ஆயின.

தீயில் தப்பியது காயலான் கடையில் மாட்டியது. கறுப்பு வெள்ளைப் பிலிமில் வெள்ளி கலந்திருக்கும். ஊர் ஊராக ஓடித் தேய்ந்த காப்பிகளை, "இனி யார் பார்க்கப் போறா?" என்று வெள்ளி எடுக்கிறவர்களிடம் எடைக்குப் போட்டார்கள். ஒரு காலத்தில் ஊரையே அழவைத்த படம் கடைசியில் ஒரு பிடி வெள்ளி ஆயிற்று.

டப்பாவுக்குள் வினிகர் வாடை

"நைட்ரேட்டுக்கு அப்புறம் வந்த பிலிம் எரியாதாமே?" என்று கேட்கலாம். சுலபத்தில் எரியாது. ஆனால் அழுகும்.

வெயிலும் ஈரக்காற்றும் பட்டால் அந்தப் பிலிம் புளிக்க ஆரம்பிக்கும். டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை மூக்கைத் துளைத்தால் நோய் பிடித்துவிட்டது என்று அர்த்தம். சுருள் சுருங்கி, வளைந்து, நொறுங்கும். அந்த ஆவி பட்டால் பக்கத்து டப்பாவில் இருக்கும் நல்ல படமும் கெடும். குளிர்ச்சியான, ஈரம் இல்லாத அறையில் வைத்தால்தான் பிழைக்கும். சென்னை வெயிலைச் சொல்லவே வேண்டாம்.

3 மணி நேரப் படம் ஒன்றுக்கு 16,000 அடிக்கு மேல் பிலிம். 1,000 அடி ரீல் ஒன்று ஓடுவது 11 நிமிஷம். ஒரு டப்பா காணாமல் போனால் 11 நிமிஷக் கதை போயிற்று.

2010-ஐ ஒட்டிய வருஷங்களில் தியேட்டர்கள் டிஜிட்டலுக்கு மாறின. ரீல் ஓட்டும் மெஷின்கள் மூலைக்குப் போயின. டப்பாக்களும் மூலைக்குப் போயின.

அண்ணா சாலையில் எந்த நேரத்தில் நுழைந்தாலும் படம் ஓடிக்கொண்டிருந்த புளூ டைமண்ட் இன்று இல்லை. சந்திரமுகி ஓடிய சாந்தி 2016-ல் மூடியாயிற்று. அசோக் நகர் உதயம் 2024-ல் மூடியாயிற்று. தியேட்டர் போனாலும், படம் இருந்தால் வேறு இடத்தில் போட்டுப் பார்க்கலாம். படமே போனால்?

பரணில் பாருங்கள்

புனேயில் 1964-ல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கிறது. பழைய படச்சுருள்களை வாங்கிப் பாதுகாக்கும் இடம் அது.

படம் எடுத்தவர், விநியோகம் செய்தவர், டூரிங் டாக்கீஸ் நடத்தியவர் என்று பழைய சினிமாக் குடும்பங்கள் சென்னையிலும் வெளியூர்களிலும் நிறைய. அவர்கள் வீட்டுப் பரணில், குடோனில் துருப்பிடித்த வட்ட டப்பா கிடந்தால் உடனே காயலான் கடைக்குப் போட வேண்டாம். நெருப்புப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். வினிகர் வாடை வீசும் டப்பாவை மற்றவற்றில் இருந்து தள்ளி வைக்க வேண்டும். காப்பகத்துக்குத் தகவல் சொன்னால், உள்ளே என்ன படம் என்று பார்த்துச் சொல்ல ஆள் உண்டு.

உள்ளே இருப்பது யாரோ ஒருத்தருக்கு "ரொம்பப் பிடிச்ச படமாக" இருக்கலாம். இருக்கிற ஒரே காப்பியாகவும் இருக்கலாம்.

கர்ணன் திரும்பி வந்தது, யாரோ அந்தச் சுருளை எடைக்குப் போடாமல் வைத்திருந்ததால்தான்.

செத்தவர்கள் எழுந்து வருவது பேய்ப் படத்தில் மட்டும்தான். எரிந்துபோன படம் எழுந்து வராது.