காப்பே பழுதானால்?

திருமணப் புகைப்படங்களும், குழந்தையின் முதல் நடையும், மறைந்துபோன பாட்டியின் குரலும் இன்று பல இல்லங்களில் கணிப்பொறிக்குள்தான் இருக்கின்றன. கணிப்பொறி ஒரு நாள் பழுதாகலாம் என்று அஞ்சி, வேறொரு ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்து வைக்கிறோம். இதை ‘பேக்கப்’ என்பார்கள். காப்பு நகல் என்று நாம் அழைக்கலாம். ஆனால் கணிப்பொறியும் படுத்துவிட, காப்பு நகலும் திறக்க மறுத்தால் என்ன செய்வது? எல்லாம் போயிற்று என்று அழுவதற்கு முன் தோழியர் அறிய வேண்டியவை சில உண்டு.

ஸ்ரீரங்கத்து உத்திர வீதியையும் சித்திரை வீதியையும் நினைத்துக்கொள்ளுங்கள். தபால்காரர் கையிலிருந்த முகவரிப் பட்டியல் கொள்ளிடத்தில் விழுந்துவிட்டது. கடிதங்கள் போய்ச் சேரா. அதனால் வீடுகள் இடிந்துவிட்டனவா? இல்லையே! ஹார்ட் டிஸ்கிலும் இப்படித்தான். கோப்புகளின் பெயரும் அவை இருக்கும் இடமும் ஒரு பட்டியலில் இருக்கும். உள்ளடக்கம் வேறிடத்தில் இருக்கும். பல வேளைகளில் கெடுவது பட்டியல் மட்டுமே.

இந்நிலையில் கணிப்பொறி, “இந்த டிஸ்கை ஃபார்மட் செய்யட்டுமா?” என்று மிகவும் பணிவாகக் கேட்கும். ஒருபோதும் சம்மதிக்கக் கூடாது. ஃபார்மட் செய்தால் வெற்றுப் பட்டியல் ஒன்று புதிதாக எழுதப்படும்; அடுத்து நாம் எதைச் சேமித்தாலும் அது பழைய வீடுகளின் மேலேயே குடியேறும். எங்கள் தெருவில் ஒரு குடும்பத்தார் அவசரத்தில் ‘சரி’ என்று அழுத்திவிட்டு, அதே டிஸ்கில் சில திரைப்படங்களையும் ஏற்றிவிட்டனர். பாட்டியின் தாலாட்டு இருந்த இடத்தில் சண்டைக் காட்சி உட்கார்ந்துகொண்டது. மேலே எழுதப்பட்டதை எந்த வல்லுநராலும் மீட்க இயலாது.

ஆகவே முதல் வேலை, பழுதான டிஸ்கை உள்ளது உள்ளபடியே மற்றொரு டிஸ்கில் படியெடுப்பது. சோதனைகள் யாவும் அந்தப் படியின் மீதுதான். ‘டிடிரெஸ்க்யூ’ என்னும் இலவச மென்பொருள் இதற்கு உதவும். அது நல்ல பகுதிகளை முதலில் படித்து முடித்துவிட்டு, முரண்டு பிடிக்கும் பகுதிகளைப் பிறகு அணுகும். (வினாத்தாளை நாமும் அப்படித்தானே எழுதுகிறோம்!) ஆனால் டிஸ்கினுள் ‘டக் டக்’ என்று ஓசை கேட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும். அது தூசியற்ற அறையில் வல்லுநர் திறந்து பார்க்க வேண்டிய நோய்.

காப்பு நகல் பெரும்பாலும் ஒரே பொதியாகக் கட்டி வைக்கப்படும். ‘ஜிப்’ என்ற வகைப் பொதியில் ஒரு விந்தை உண்டு. நம் பாடநூலில் பொருளடக்கம் முன்னால் வரும், இதிலோ கடைசியில்! நகலெடுக்கும்போது கம்பியைப் பாதியில் பிடுங்கினால் அந்தக் கடைசிப் பகுதி வந்து சேராது. வந்து சேர்ந்தவையும் திறக்க மாட்டேன் என்னும். எனினும் பொதிக்குள் ஒவ்வொரு கோப்பின் முன்னும் அதன் பெயர் தாங்கிய சிறு சீட்டு உள்ளது. பழுது நீக்கும் மென்பொருள் அச்சீட்டுகளைத் தேடிப் படித்துப் புதிய பொருளடக்கத்தை எழுதிவிடும்.

டிஸ்கின் பட்டியல் முற்றிலும் அழிந்திருந்தாலும் வழியுண்டு. ‘ஜேபெக்’ புகைப்படம் ஒவ்வொன்றும் ‘எஃப்எஃப் டி8’ என்ற குறியீட்டுடனே தொடங்கும். ‘ஃபோட்டோரெக்’ போன்ற மென்பொருள்கள் இத்தகைய அடையாளங்களைக் கொண்டு கோப்புகளைத் தேடி எடுக்கும். ஆனால் பழைய பெயர்கள் திரும்பி வரமாட்டா. துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்த கோப்பு பாதியாகவே வரவும் கூடும்.

மீட்டதெல்லாம் அசல்தானா? இங்கே நம் ஊர்க் கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. 1323-ஆம் ஆண்டுப் படையெடுப்பின்போது ஸ்ரீரங்கத்தை விட்டுச் சென்ற உற்சவர் 1371-இல்தான் திரும்பினார். இடையில் வேறொரு திருமேனி வழிபாட்டில் இருந்தது. எது பழையது என்று உறுதி கூற ஆளில்லை. அப்போது கண்பார்வையற்ற முதிய சலவைத் தொழிலாளி ஒருவர், நீராட்டிய ஈர ஆடையின் நீரைக் கொண்டே பழைய பெருமாளை அடையாளம் காட்டினார் என்பது கோயில் வரலாற்றில் வழங்கும் செய்தி. அவரால் முடிந்தது ஏன்? அந்த மணமும் சுவையும் முன்னமே அவருக்குப் பழக்கம்!

கணிப்பொறியில் இந்த வேலையைச் செய்வது சரிபார்ப்பு எண். மதிப்பெண் பட்டியலின் அடியில் ஆசிரியை கூட்டுத்தொகை எழுதுவது போன்றது இது. ‘எஸ்ஹெச்ஏ-256’ என்ற முறையில் எவ்வளவு பெரிய கோப்பாயினும் 64 எழுத்தும் எண்ணும் கொண்ட ஒரு வரி கிடைக்கும். கோப்பில் ஓரெழுத்து மாறினாலும் அவ்வரி அடியோடு மாறிவிடும். ஆனால் கோப்பு நலமாக இருந்தபோதே அதைக் குறித்து வைத்திருக்க வேண்டும்.

காப்பு நகலைச் சோதித்துப் பாராமல் விட்டவர்களில் பெரிய நிறுவனத்தாரும் உண்டு. அமெரிக்காவின் பிக்ஸார் நிறுவனத்தில் 1998-இல் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் கோப்புகள் தவறான கட்டளையொன்றால் அழியத் தொடங்கின. காப்பு நகல் இருக்கிறதே என்று எடுத்தால், அதுவும் சில வாரங்களாகவே பழுது! நல்ல வேளையாக, குழந்தை பெற்றிருந்த காலின் சஸ்மன் என்ற அலுவலர் வீட்டிலிருந்து பணிபுரிவதற்காகத் தம் கணிப்பொறியில் ஒரு நகல் வைத்திருந்தார். அந்தக் கணிப்பொறியைப் போர்வையில் சுற்றிக் காரில் ஏற்றி, மெதுவாக ஓட்டி வந்தார்கள். மென்பொருளால் தீர்மானிக்க முடியாத கோப்புகளை ஊழியர்கள் ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்தே சரிசெய்தனர். வேடிக்கை என்னவென்றால், பின்னர் கதை பிடிக்காமல் படத்தின் பெரும்பகுதியை அவர்களே மாற்றி எடுத்துத்தான் 1999-இல் வெளியிட்டார்கள்.